வண்டி போனது உண்மை. யார் போனார் என்று சொல்ல மாட்டேன்

நாற்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்று இந்த வட்டாரத்துக்கே எழுத்தைக் கொடுத்துவிட்டு, இன்று ஒரு முரட்டுக் கிழவன் கையில் ஒலிவாங்கியையும் கொடுத்திருக்கும் துணிச்சல்காரர், இந்த அவையின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை பானுமதி அம்மையார் அவர்களே. எனக்கு முன்னால் பேசி, எனக்குக் கொஞ்சம் நேரத்தையும் மிச்சம் வைத்திருக்கும் மேடைப் பெரியோர்களே. கடத்தூர்ச் சந்தையில் வியாபாரத்தை முடித்த கையோடு காலிக் கூடையை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. வண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்து கேட்கும் தம்பிமார்களே. கூட்டத்துக்கு வரவில்லை, டீ குடிக்கத்தான் வந்தோம் என்று கடையோரம் நிற்கும் நண்பர்களே. கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு நின்று என் பேச்சைக் குறித்துக்கொண்டிருக்கும் அரசு அலுவலர் அவர்களே, உங்களுக்காக நிதானமாகவே பேசுகிறேன், ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அத்தனை பேரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என் பெயர் மாது. வயது எழுபத்திரண்டு. மொரப்பூருக்கு மேற்கே நான்கு கிலோமீட்டரில் எங்கள் தெரு. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. மளிகை கட்டி வந்த தாளைப் படித்தேன், பேருந்தின் பலகையைப் படித்தேன், ஐம்பது வயதுக்குமேல் நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். படித்ததோடு நிற்கவில்லை, மனுப் போட்டேன். இப்போது சில அலுவலகங்களில் என் தலையைக் கண்டதும் மின்விசிறியை நிறுத்துகிறார்கள், வெக்கை தாங்காமல் கிழவன் எழுந்து போய்விடுவான் என்று. நான் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு வண்டி இருக்கிறது. பதினாறு வருடத்துப் பழைய டிவிஎஸ். பதிவு என் பெயரில். ஆனால் அது என் வண்டி என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். என் வீட்டு நிலைக்கதவின் பக்கத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் வண்டிச் சாவி. தேவைப்படுகிறவர் எடுத்துப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். வண்டிச் சாவியை எடுக்கிறவர், தன் வீட்டுச் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். என் வண்டியை நம்பி நான் உன்னிடம் கொடுக்கிறேன், உன் வீட்டை நம்பி நீ என்னிடம் கொடு. இருபத்து மூன்று வீட்டுச் சாவிகளையும் எனக்கு அடையாளம் தெரியும். ஆணியைப் பார்த்தால் வண்டி யாரிடம் என்று தெரியும். எங்கே போகிறாய் என்று மட்டும் நான் கேட்டதில்லை. பதினாறு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். மேடை ஏறினால் ஊரார் தவற்றை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. போன வருடம் எங்கள் பக்கம் ஆடு திருட்டு அதிகமானது. விடிந்து பார்த்தால் பட்டியில் கயிறு இருக்கும், ஆடு இருக்காது. அப்போது ஊராட்சி சொன்னது, கூட்டுரோட்டில் கேமரா வைக்கலாம், வண்டி நம்பரைத் தானாகவே படிக்கிற கேமரா. மனு எழுதினது யார்? நான். முதல் கையெழுத்துப் போட்டது யார்? நான். கம்பம் நட்ட அன்று இதே தொண்டையால் பாராட்டிப் பேசினது யார்? அதுவும் நான்தான். எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவன், கேட்க வேண்டிய நாளில் கைதட்டிக்கொண்டு நின்றேன்.

ஆடு திருடினவனைப் பார்ப்பதற்கு வைத்த கண், அன்பர்களே, ஆடு மேய்க்கப் போனவளையும் பார்த்தது. அரிசி வாங்கப் போனவளையும் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவரையும் பார்த்தது. பார்த்ததை எல்லாம் பதிந்தது. பதிந்ததை எல்லாம் பத்திரப்படுத்தியது. பார்க்கச் சொன்ன நமக்கோ, அது என்ன பார்க்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

கோடையில் குடிநீர் கேட்டு அந்தக் கூட்டுரோட்டில் ஒரு மறியல் நடந்தது. நான் போகவில்லை. காய்ச்சல். வாழ்நாளில் நான் தவறவிட்ட ஒரே மறியல். அடுத்த வாரம் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை; அங்கேயும் பிள்ளைகுட்டிக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். போனேன். ஓர் அதிகாரி கணினியை என் பக்கம் திருப்பினார்.

"பெரியவரே, இது உங்க வண்டிதானே?"

"ஆமாங்க."

"மறியல் அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு கூட்டுரோட்டத் தாண்டியிருக்குது. நீங்களும் மறியல்ல இருந்தீங்க."

"இல்லைங்க. இல்லாமப் போயிட்டமேன்னு இன்னிக்கும் வருத்தமா இருக்குதுங்க."

"அப்ப ஓட்டுனது யாரு?"

"தெரியுங்க. ஆனா சொல்ல மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்களேன் பெரியவரே" என்றார். "தெரிஞ்சதை எப்படிங்க தெரியாதுன்னு சொல்றது" என்றேன். "சரி, நான்தான் ஓட்டுனேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, எச்சரிச்சு விட்டுடறோம்" என்றார். "நான் ஓட்டலைங்களே" என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "உங்க வூட்ல உங்களை எப்படிங்க வெச்சுக் காலம் தள்ளுறாங்க?"

அது நியாயமான கேள்விதான். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள்.

பிறகு ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். மூன்று மாதத்தில் என் வண்டி அந்தக் கேமராவைத் தாண்டியது நூற்றுப் பதினெட்டு முறை. தேதி, நேரம், போன திசை, வந்த திசை. பெற்ற தாய்கூட எனக்கு இப்படி ஒரு ஜாதகம் எழுதி வைக்கவில்லை. "யாருன்னு சொல்ற வரைக்கும் வண்டி இங்கதான் இருக்கும்" என்றார். வண்டி உள்ளே போனது. நான் நான்கு கிலோமீட்டர் நடந்து வீடு வந்தேன், கையில் அந்தத் தாளோடு.

மறியல் அன்று வண்டியை எடுத்துப்போனவர் யார் என்பது எனக்குத் தெரியும், ஆணியில் தொங்கிய சாவியை நான் பார்த்தேன். எதற்குப் போனார் என்பதும் தெரியும், அன்று இரவே அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னார். அந்தப் பயணத்துக்கும் மறியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குற்றத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அது ஊருக்குத் தெரிந்தால் ஒரு குடும்பம் குலைந்துபோகும். அவ்வளவுதான் நான் சொல்லலாம். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

வண்டி இல்லாமல் தெரு திண்டாடியது. ரயிலைப் பிடிக்க நடை, ரேஷனுக்கு நடை, மருந்துக்கு நடை. என் காதில் விழும்படியே பேசினார்கள்: "கெழவன் வீம்புக்கு நாம நடக்கறோம். பேரைச் சொல்லிட்டு வண்டிய வாங்கிட்டு வரதுதானே." பேசினவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நூற்றுப் பதினெட்டுத் தேதிகள் கொண்ட தாள் என்னிடம் இருக்கிறது என்ற செய்தி பரவியதும், ஒவ்வொருவராக, தனித்தனியாக, யாரும் பார்க்காத நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்தார்கள். பன்னிரண்டாம் தேதி நான்தான், சொல்லிடாதீங்க. இருபதாம் தேதி நான்தான், வெளிய விட்டுடாதீங்க. ஒன்பது பேர் வந்தார்கள், ஐயா. ஒன்பது பேரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஒருவர்கூடத் திருடர் இல்லை. ஒன்பது பேரிடமும் ஒவ்வொன்று இருந்தது, தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டியது.

அதில் இரண்டு பேர் எனக்கு இன்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாமவர் சவுரியப்பன். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். வந்து நின்றார். "மாதண்ணா, செவ்வாக்கெழம, வியாழக்கெழம சாயங்காலம் போறது நானுங்க. எங்கன்னு கேக்காதீங்க."

"நான் எப்பய்யா கேட்டேன்?"

"நீங்க கேக்காததுதான் தொல்லை. நானே சொல்லிடறேன். கடத்தூர்ல டியூசனுங்க. பத்தாவது எழுதறேன்."

ஐம்பத்தோரு வயதில் பத்தாம் வகுப்பு. அதே வருடம் அவர் மகளும் பத்தாம் வகுப்பு. "எம் பொண்ணு நானூத்தம்பது எடுக்குமுங்க. நான் பெயிலாப் போனா வூட்ல எப்படி மூஞ்சி காட்டறது? பாஸானா நானே சொல்லிக்கறேன். ஆகலைன்னா இப்படி ஒண்ணு நடக்கவே இல்லை." அவர் தேறிவிட்டார் அன்பர்களே. கணக்கில் முப்பத்தைந்து. தேவையானதும் முப்பத்தைந்துதான், ஒரு மார்க்கையும் வீணாக்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கைதட்டலாம். சவுரி, எழுந்திருக்க வேண்டாம், உட்காரு.

இரண்டாமவர் குள்ளம்மாள். அறுபது வயதில் வண்டி ஓட்டக் கற்றவர். அவர் மகள் தானே தேடிக்கொண்டு ஒரு கல்யாணம் செய்துகொண்டாள். அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று கணவர் பச்சியப்பன் சொல்லிவிட்டார். குள்ளம்மாள் கம்பைநல்லூர்ச் சந்தைக்கு என்று சொல்லி வாராவாரம் போனார். போனது சந்தைக்கு இல்லை, பேரக்குழந்தையைப் பார்க்க. என்னிடம் வந்து, "அண்ணா, எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வண்டியோட சேத்து என்னையும் பூட்டி வெச்சுருவாரு" என்றார். நான் வாய் திறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள், சோறு போடும்போது, அவரே கணவரிடம் சொல்லிவிட்டார். பச்சியப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாராம், "பாப்பா யாரு சாடைல இருக்குது?" இப்போது வண்டியில் குள்ளம்மாள் பின்னால் உட்காருகிறார், பச்சியப்பன் ஓட்டுகிறார்.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே. சொல்ல வேண்டிய நாளை அந்த அம்மாள் தானே தேர்ந்தெடுத்தார். சொல்ல வேண்டிய சொல்லைத் தானே கோத்தார். அதே செய்தி ஒரு தாளில் அச்சாகி, யாரோ ஒருவர் கைப்பேசியில் படமாகி, டீக்கடை வழியாகப் பச்சியப்பன் காதுக்குப் போயிருந்தால்? செய்தி ஒன்றுதான். ஆனால் அந்தக் குழந்தைக்குத் தாத்தா கிடைத்திருப்பாரா? அந்தரங்கம் என்றால் ஒளித்து வைப்பது என்று நினைக்கிறார்கள். இல்லை. எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று தானே முடிவு செய்கிற உரிமைக்குப் பெயர்தான் அந்தரங்கம்.

யாரது, அங்கே எழுந்து நிற்பது? நவநீதனா? செல்போன் கடை நவநீதன் ஏதோ கேட்கிறார். சத்தமாகச் சொல், தம்பி. "தப்பு பண்ணாதவங்களுக்கு எதுக்குங்க பயம்?" நல்ல கேள்வி. உட்கார வேண்டாம், நின்றபடியே எனக்கு ஒரு பதில் சொல். உன் கடைக்குப் போனை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள், கொடுக்கும்போது உன்னிடம் என்ன சொல்கிறார்கள்? ... கேட்டீர்களா, "போட்டோ கீட்டோ எல்லாம் பாக்காதீங்கண்ணா" என்று சொல்கிறார்களாம். அவர்கள் எல்லாரும் திருடர்களா? இல்லை என்று தலையாட்டுகிறார். நீ பார்க்கிறாயா? மாட்டேன் என்கிறார். ஏன் தம்பி பார்ப்பதில்லை? உன்னைத் தடுக்க அங்கே போலீஸ் நிற்கிறதா? "அது அவங்களுதுங்க" என்கிறார். அது அவர்களுடையது. நான் ஒரு மணி நேரம் பேசிச் சொல்ல நினைத்ததை இந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டான். இனி உட்காரலாம்.

ஒரு போன் கடைக்காரனுக்குத் தெரிந்த நியாயம் ஓர் அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா? பழுது பார்க்கக் கொடுத்ததைப் படித்துப் பார்க்கலாமா? ஆட்டைக் காக்கக் கொடுத்த கண்ணை ஆளை அளக்கத் திருப்பலாமா? இது மாது கிழவனின் வீம்பு மட்டும் இல்லை. இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருமனதாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அரசமைப்பின் இருபத்தொன்றாம் பிரிவு தருகிற உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ளேயே அது இருக்கிறது. அரசு அதில் கை வைக்கலாம், ஆனால் சட்டம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவு வேண்டும். அந்த வழக்கைப் போட்டவர் யார்? எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். வயதானவர்கள் சும்மா இருக்கக் கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். எழுபத்திரண்டு சின்ன வயதுதான்.

நூலகத்தில் உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினேன். அன்று கேட்க மறந்த மூன்று கேள்வியையும் கேட்டேன். எவ்வளவு நாள் வைப்பீர்கள்? யார் யார் பார்க்கலாம்? எதற்காக, எந்த விதியின்படி? இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி: "இதுகுறித்து எழுத்துப்பூர்வமான விதிகள் ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை." என்னை மடக்க எழுதிய வரி அது. ஆனால் என் கையில் அது ஆயுதமானது.

அந்தத் தாளோடு தருமபுரிக்குப் போனேன், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு. வரிசையில் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் உயர் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண்மணி. படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"விதி இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே, ஐயா."

"ஆமாங்கம்மா. இல்லாத விதிக்கு என் வண்டி நாப்பது நாளா உள்ள நிக்குது."

"யார் ஓட்டினாங்கன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லலாமே?"

"உங்ககிட்ட சொல்லலாமுங்கம்மா. உங்க முகத்தைப் பாத்தா நம்பிக்கையா இருக்குது. உங்க கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல முடியாதுங்க. அது அப்பறம் யார்கிட்டச் சொல்லும்னு உங்களுக்கும் தெரியாது."

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பச்சை மையால் மூன்று வரி எழுதினார். மறுநாள், நாற்பத்தோராம் நாள், வண்டி வெளியே வந்தது. ஒரு பெயரும் சொல்லாமல் வந்தது. ஒரு பொய்யும் சொல்லாமல் வந்தது. காற்று மட்டும் இறங்கியிருந்தது. தள்ளிக்கொண்டே போய் அடைத்தேன்.

அந்த அம்மையார் ஒன்று சொன்னார். "கேமரா ஊராட்சிச் சொத்து, ஐயா. விதி இல்லைன்னா விதியைக் கிராம சபைல நீங்களே எழுதுங்க." எழுதினோம். வீம்புக்கு நடக்கிறோம் என்று திட்டினவர்களே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. கேமரா இருக்கட்டும். வழக்கு இல்லாத பதிவு பதினைந்து நாளில் அழியட்டும். பார்க்கிறவர் யார், எதற்குப் பார்த்தார் என்று ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும். எழுத்தில் காரணம் சொல்லாமல் யாருக்கும் யாருடைய பயண விவரமும் தரப்படாது. கம்பத்துக்குக் கீழே இதையெல்லாம் தமிழில் எழுதி ஒரு பலகையும் வைத்தாயிற்று.

ஆடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வேனில் ஏழு ஆடு போனது. பட்டிக்காரர் புகார் எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் கையெழுத்து, படத்தில் வேன், மூன்றாம் நாள் ஆடு வீடு வந்தது. மூன்று நாள் போதுமாக இருந்தது. திருடனைப் பிடிக்க மூன்று நாள் போதும் என்றால், திருடாதவனை மூன்று மாதம் பிடித்து வைத்திருப்பது எதற்கு? பாதுகாப்பா உரிமையா என்று நம்மைத் தராசில் நிறுத்துகிறார்களே, எங்கள் கூட்டுரோட்டுக்கு வந்து பாருங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் இருக்கின்றன.

அதனால்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். இந்த வட்டாரத்தில் இன்னும் பதினொரு ஊராட்சிகளில் கேமரா வரப்போகிறது. வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கைதட்டுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள் என்று சொல்ல வந்தேன். அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். தீர்மானத்தின் நகல் மேடைக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறது, ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். இதைவிட நல்லதாக எழுத முடிந்தால் எழுதுங்கள். எழுதி எனக்கும் அனுப்புங்கள், நான் படிப்பேன்.

தலைவர் அம்மையார் ஒரு சீட்டை நீட்டுகிறார். கூட்டத்திலிருந்து வந்திருக்கிறது. பெயர் போடவில்லை. நல்லது, அது அவர் உரிமை. படிக்கிறேன். "வண்டிதான் வந்துவிட்டதே, மறியல் அன்று ஓட்டியவர் யார் என்று இப்போதாவது சொல்லலாமே?"

நண்பரே, அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வண்டி உள்ளே இருந்த நாளில் அவர் என்னிடம் வந்து, "என்னாலதான இவ்வளவும், நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார். "நீ சொன்னால் அது உன் உரிமை, நான் சொன்னால் அது என் துரோகம், உனக்கு மனம் வருகிற நாளில் சொல், பயம் வருகிற நாளில் சொல்லாதே" என்றேன். அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் இப்போது அவர் முகத்தில் பயம் இல்லை. தெருவில் எல்லாரையும் போல நிமிர்ந்து நடக்கிறார். நாற்பத்தொரு நாள் நான் நடந்ததற்கு அது போதும். நீங்கள் கேட்ட கேள்விக்கு, ஐயா, என் பதில்: சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் சொல்லாததை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டேன். உங்கள் ரகசியம் ஒன்று என்றைக்காவது என்னிடம் வந்தால், அதையும் இதே போல யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பொறுமையாக உட்கார்ந்த தாய்மார்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்டு என் பேச்சைச் சுருக்கிக் கொடுத்த தம்பிக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைவர் அம்மையாருக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், எந்த வழியில் போனாலும். வணக்கம்.